டிஸ்ட்ரோ: இதுக்கு 'வழங்கல்'னு ஏன் சொல்றோம்

"அண்ணே, நீங்க என்ன டிஸ்ட்ரோ?" விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கற லினக்ஸை ஓட்டுற ரெண்டு பேர் பாத்துக்கிட்டா முதல்ல வர்ற கேள்வி இதுதான். போன வாரம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிச்சுட்டு நிக்கும்போது ஒரு தம்பி கேட்டான், டெபியன்னு சொன்னேன், "இன்னுமாண்ணே"ன்னான், அவன் ஆர்ச். ரெண்டுமே லினக்ஸ் டிஸ்ட்ரோதான்.

டிஸ்ட்ரோங்கிறது டிஸ்ட்ரிபியூஷனோட சுருக்கம், மூலம் லத்தீன், பிரிச்சுப் பங்கு போட்டுக் கொடுக்கறதுன்னு அர்த்தம். 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னல் மட்டும்தான், அதாவது ஹார்டுவேருக்கும் மத்த மென்பொருளுக்கும் நடுவுல வேலை செய்யற மையப் பகுதி, தமிழ்ல கருன்னு வச்சுக்கலாம். எங்க மலைக்காரங்களுக்குச் சொல்லணும்னா அது பச்சை இலை. பறிச்ச இலையை அப்படியே கொதிக்க வச்சா நம்ம டீ வராது, ஃபேக்டரிக்குப் போய் வாடி, அரைபட்டு, புளிச்சு, காஞ்சு, சலிச்சுத்தான் தூளாகும். அதே மாதிரி கருவோட க்னூங்கற திட்டத்தோட அடிப்படைக் கருவிங்க, டெஸ்க்டாப், இன்ஸ்டாலர், மென்பொருளை ஏத்தவும் எடுக்கவும் ஒரு ஏற்பாடு, இதெல்லாம் சேத்து ஒரே கட்டா கொடுத்தா அதுதான் டிஸ்ட்ரோ. 1993ல ஆரம்பிச்ச ஸ்லாக்வேரும் டெபியனும் இன்னைக்கும் இருக்கு. இலை ஒண்ணுதான், ஃபேக்டரிக்கு ஃபேக்டரி தூள் வேற.

சரி, தமிழ்ல? சிலர் விநியோகம்னு எழுதறாங்க. எனக்கு அது ஒட்டவே மாட்டேங்குது, குடிதண்ணி லாரியும் ரேஷன் கடையும்தான் ஞாபகம் வருது, யாரோ அளந்து விடறாங்க நாம வரிசைல நிக்கறோம்ங்கற மாதிரி. பகிர்வுங்கற சொல்லை ஷேருக்கு ஏற்கனவே கொடுத்தாச்சு.

வழங்கல் அப்படி இல்ல. வழங்குன்னா கொடுக்கறதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கு இன்னொரு பொருளும் இருக்கு, புழக்கத்துல இருக்கறது, நடந்துட்டு வர்றது. "இந்தப் பேர் எங்க ஊர்ல வழங்குது"ன்னு சொல்றோமே, அது. குறள்ல "வானின்று உலகம் வழங்கி வருதலால்"னு வர்ற இடத்துலயும் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கல, மழை தவறாம பெய்யறதால உலகம் நிலைச்சு நடந்துட்டு வருதுன்னுதான் பொருள். வழக்கு, வழக்கம் எல்லாமே இதே வேர்தான்.

ஆளுக்கொரு டிஸ்ட்ரோவை ஏன் விடாம பிடிச்சிருக்காங்கன்னா காரணம் இந்த ரெண்டாவது பொருள்லதான் இருக்குன்னு நான் நெனக்கிறேன். ஐப்பசி மழைல மரம் விழுந்தா எங்க பக்கம் கரண்டும் போகும் நெட்டும் போகும், டெபியன் ஸ்டேபிள்ல சுமார் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் புது பதிப்பு, நடுவுல பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தமும் பிழைத் திருத்தமும்தான், அதனால நெட் இல்லாத நாள்ல பெருசா எதுவும் தேங்கி நிக்காது. ஆர்ச்ல பதிப்புன்னே கிடையாது, புதுசு வந்துட்டே இருக்கும், ரொம்ப நாள் விட்டுட்டு அப்டேட் போட்டா மொத்தமா இறங்கும். அந்தத் தம்பி கோயமுத்தூர்ல வேலை, ஃபைபர் லைன், புது கெர்னல் வந்த கொஞ்ச நாள்லயே கைல இருக்கறது அவனுக்கு சந்தோஷம், அதுல தப்பு என்ன இருக்கு? ஜெராக்ஸ் கடை வச்சிருக்கற எங்க அக்கா மின்ட்ங்கற டிஸ்ட்ரோதான் வேணும்னாங்க, மெனு கீழ இடது மூலைல இருக்கு, பல வருஷமா கை அங்கதான் போகுது, அவ்வளவுதான் காரணம்.

எழுதும்போது 'லினக்ஸ் வழங்கல்', பன்மைக்கு 'வழங்கல்கள்'. பேச்சுல "உன் வழங்கல் எது?"ன்னு கேட்டுப் பாருங்க, அந்தத் தம்பி நேத்து எனக்கு மெசேஜ் போட்டான்: "அண்ணே, என் வழங்கல்ல புது கெர்னல் வந்துருச்சு."