முதல் வில் எத்தனை இறாத்தல்?

பாரம்பரிய வில் பழக வருகிறவர்கள் பலர் முதல் நாளே 40 பவுண்ட் வில்லைக் கேட்கிறார்கள். இது வில்லின் எடையல்ல, நாணை முழுதாக இழுக்கத் தேவையான பலம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை, கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி மேடு ஏறிய உடம்பு, இதைத் தாங்காதா என்ற எண்ணம். கத்தி வீசும் தசை வேறு, நாணை இழுத்து நிறுத்தும் தசை வேறு. வில்லைத் தாங்க வேண்டியது முதுகில் இரு தோட்பட்டைகளுக்கும் நடுவிலுள்ள தசைகள். அவை சோர்ந்தால் தோள் காதுப் பக்கம் ஏறும். மூட்டின் மேலுள்ள தசைநாண் எலும்புக்கடியில் நசுங்கும். வலி அங்கேதான் தொடங்குகிறது.

தொடங்க, பெண்களுக்கு 16 முதல் 20, ஆண்களுக்கு 20 முதல் 25 பவுண்ட் போதும். 12 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 14. பவுண்ட் என்பது நம் கடை இறாத்தல்தான். 22 இறாத்தல் 10 கிலோ. குறைவாகத் தோன்றும். ஆனால் 25 இறாத்தல் வில்லில் 60 அம்பு விட்டால் தோள் மொத்தம் 1500 இறாத்தல், அதாவது 680 கிலோ இழுத்திருக்கும். கப்பி பூட்டிய கம்பவுண்ட் வில்லில் முழுதாக இழுத்ததும் பாரம் பெருமளவு இறங்கிவிடும். பாரம்பரிய வில்லில் இழுக்க இழுக்க ஏறும்; உச்ச பாரத்தைப் பிடித்தபடியேதான் குறி பார்க்க வேண்டும்.

வில்லில் எழுதியுள்ள எண் பொதுவாக 28 அங்குல இழுவைக்கு, அதாவது நாணை அவ்வளவு தூரம் இழுப்பதற்கு உரியது. இரு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனிக்கு நுனி அளந்து 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுவை நீளம் ஏறக்குறையத் தெரியும். 62 அங்குலம் என்றால் சுமார் 25. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 இறாத்தல் குறையும். ஆகவே 30 என்று எழுதிய வில் 25 அங்குலம் இழுப்பவருக்கு 24தான். நெடிய கைக்காரருக்கு அதே வில் கூடுதலாக இழுக்கும்.

சரிபார்க்க, கொழுந்து நிறுக்கும் தொங்குதராசே போதும். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, கொக்கியில் துணி சுற்றி, அம்பு பூட்டும் இடத்தில் நாணை மாட்டுங்கள். வில்லின் பிடியை இரு கைகளாலும் உங்கள் இழுவை நீளம் வரை கீழே இழுத்து, கிலோவை 2.2ஆல் பெருக்குங்கள். மெதுவாகவே திரும்ப விட வேண்டும். நாண் கொக்கியிலிருந்து நழுவினால் அது அம்பில்லாமல் விட்டதற்குச் சமம், வில் பிளந்துவிடலாம்.

வாங்குமுன் நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். உடம்பு ஆடாமல், நாண் வாயோரம் தொட 5 நொடி நிற்க வேண்டும். வில்லை வானத்துக்குத் தூக்கினால்தான் இழுக்க முடிகிறதா, வாயோரம் தொடுமுன்னே விரல் விட்டுவிடுகிறதா? அந்த வில் உங்களுக்குப் பாரம். இப்படி அவசரமாக விடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், பிறகு லேசான வில்லுக்கு மாறினாலும் எளிதில் போகாது. வலியைவிட நாங்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

நுவரெலியாப் பக்கத்து விடியற்காலைக் குளிரில் தசை இறுகியிருக்கும். 10 நிமிடம் கை சுழற்றி, ரப்பர் பட்டையை இழுத்துச் சூடேறிய பின்பே நாணைத் தொடுங்கள். கொழுந்தெடுத்து வந்த மாலையில் அம்புகளைப் பாதியாகக் குறையுங்கள்.

முடிந்தால் கழற்றிப் பூட்டும் வில்லை வாங்குங்கள். பிடியை வைத்துக்கொண்டு, வில்லின் வளையும் பாகங்களான மேல், கீழ் கைகளை மட்டும் மாற்றலாம். கடைசி அம்பும் முதல் அம்பைப் போலவே நிதானமாக வரும்போது 2 முதல் 4 இறாத்தல் ஏற்றுங்கள். இரவில் ஒரு பக்கம் சாய்ந்து படுக்கும்போது அந்தத் தோள் வலித்தால் வில்லை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.