சிங்கிள் மால்ட்: எது சிங்கிள்?

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்த விஸ்கி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒரே வகைத் தானியம் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே இல்லை, இந்தச் சொல்லில் சிங்கிள் என்பது வடிசாலையை, அதாவது டிஸ்டில்லரியை மட்டும்தான் குறிக்கிறது. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஈடு ஈடாகக் கொதிகலனில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஊறவைத்தால் அது சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். அந்த வடிசாலைக்குள் எத்தனை பீப்பாய்களை வேண்டுமானாலும் ஒன்றாகக் கலக்கலாம், பெயர் மாறாது. பாட்டிலில் 12 என்று இருந்தால், கலந்ததில் மிக இளையதன் வயது 12. ஒரே பீப்பாய்ச் சரக்குக்கு சிங்கிள் காஸ்க் என்று தனிப் பெயர் இருக்கிறது.

மால்ட் நமக்குப் புதிதில்லை, ராகி மால்ட் குடித்து வளர்ந்தவர்கள்தானே. பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்து, முளை நீளும் முன்பே சூட்டில் உலர்த்திவிடுவார்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்டுக்கு வேண்டியது அந்தச் சர்க்கரை. உலர்த்தும் அடுப்பில் பீட், அதாவது சதுப்பு நிலத்தில் மக்கி இறுகிய தாவர மண்ணை எரித்தால் அந்தப் புகை பார்லியில் ஏறிக் கடைசிவரை நிற்கும்.

விஸ்கி என்ற சொல் ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மொழியின் ‘உஷ்கெ பஹா’விலிருந்து வந்தது. உயிர்நீர் என்று பொருள், லத்தீனில் அக்வா விட்டே என்றதை அப்படியே கேலிக்கில் சொன்னார்கள். 1494 ஸ்காட்லாந்து அரசுக் கணக்கில், அக்வா விட்டே செய்வதற்காக ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு ‘போல்’ (boll, அந்தக் காலத் தானிய அளவு) மால்ட் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. அப்போதே மால்ட்தான்.

‘சிங்கிள்’ என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2003இல் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் கார்டு (Cardhu) வடிசாலையின் விஸ்கிக்குக் கிராக்கி அதிகமாகி இருப்பு போதாமல் போக, அதன் உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் வேறு வடிசாலை மால்ட்களையும் கலந்து, சிங்கிள் மால்ட் என்பதை ‘ப்யூர் மால்ட்’ என்று மாற்றி, கிட்டத்தட்ட அதே தோற்றமுள்ள பாட்டிலில் விற்றது. மற்ற தயாரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள், அடுத்த வருடமே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர்கள் கொதித்தது நியாயம்தான், வாங்குபவர் நம்புவதே அந்த ஒரு சொல்லைத்தானே. 2009 ஸ்காட்ச் விஸ்கி விதிகள் ப்யூர் மால்ட் என்ற பெயரையே தடை செய்தன, பல வடிசாலை மால்ட்களின் கலவைக்கு ‘பிளெண்டட் மால்ட்’ என்று பெயர் வைத்தன.

அதனால் தேர்ந்தெடுக்கும்போது வயதுக்கு முன் வடிசாலையைப் பாருங்கள். புகையும் கடல் வாசமும் வேண்டுமென்றால் ஐலா தீவின் ஆர்ட்பெக், லாஃப்ராய்க், லகாவுலின். மென்மையாகத் தொடங்க ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் வட்டாரத்து கிளென்லிவெட். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயின் உலர்பழச் சுவைக்கு கிளென்ஃபார்கிளாஸ். நிறத்தை வைத்து மட்டும் எடுக்காதீர்கள், விதிகள் கேரமல் நிறமூட்டியை அனுமதிக்கின்றன. குடிக்கும்போது ஐஸ் வேண்டாம், குளிர் வாசனையை அடக்கிவிடும். வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி முதலில் முகர்ந்து பாருங்கள், அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஒற்றை மால்ட்’ என்பது எனக்குச் சம்மதமில்லை, எது ஒற்றை என்ற குழப்பம் அப்படியே இருக்கிறது. டிஸ்டில்லரிக்கு வடிசாலை என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. தெளிந்த மதுவுக்குச் சங்கப் பாடல்கள் தேறல் என்கின்றன, தேறு என்றால் தெளிதல். யவனர் கொண்டுவந்த தண்கமழ் தேறல் புறநானூற்றில் வருகிறது. அது காய்ச்சி வடித்ததில்லை என்றாலும், முன்னால் வடிசாலை நின்றால் அந்தக் குறை தீர்ந்துவிடும். நான் எழுதுவது ‘ஒருவடிசாலை முளைத்தேறல்’. நீளம்தான், ஆனால் ஒன்று என்பது எதைச் சொல்கிறது என்பதில் சந்தேகமே வராது. கடையில் கேட்கும்போது சிங்கிள் மால்ட் என்றே கேளுங்கள்.