லாயிக்லிக்: மதச்சார்பின்மை அல்ல

துருக்கி பற்றிய செய்தி எதை எடுத்தாலும் ‘மதச்சார்பற்ற குடியரசு’ என்றே மொழிபெயர்க்கிறார்கள். மூலத்தில் இருப்பது ‘லாயிக்’. பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேர் கிரேக்கத்தின் ‘லாவோஸ்’, அதாவது மக்கள். குருத்துவத்தில் சேராதவர் ‘லாயிகோஸ்’. துருக்கி மொழியின் ‘-லிக்’ நம் ‘-மை’ போன்ற விகுதி. லாயிக்லிக் 1937இல் அரசமைப்பில் ஏறியது.

மதச்சார்பின்மை என்றதும் தமிழ் வாசகர் நினைப்பது, எல்லா மதத்தையும் சமமாக நடத்தும், எதையும் தனதாக்கிக்கொள்ளாத அரசை. துருக்கியில் நடந்தது வேறு. 1924 மார்ச் 3 அன்று கிலாபத்தை, அதாவது கலீஃபா பதவியை, ஒழித்த நாடாளுமன்றம், அதே நாளில் தியானெத் என்ற சமய விவகாரத் துறையையும் நிறுவியது. இமாம்கள் அரசு ஊழியர்கள். சம்பளம் அரசு வரவுசெலவிலிருந்து. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையும் தியானெத்தின் கட்டுப்பாட்டில். 1925இல் சூஃபி மடங்கள் சட்டப்படி மூடப்பட்டன. 1932 முதல் 1950 வரை பாங்கைக்கூட அரபியில் விடாமல் துருக்கி மொழியில் சொல்லவைத்தார்கள். 1982 அரசமைப்பு, 2ஆம் பிரிவில் அரசை லாயிக் என்கிறது. 24ஆம் பிரிவில் பள்ளிகளில் சமயப் பாடத்தைக் கட்டாயமாக்குகிறது. சிறுபான்மை முஸ்லிம் பிரிவினரான அலெவிகள் வழிபடும் ஜெம் இல்லங்களுக்குப் பள்ளிவாசலுக்குரிய சட்டத் தகுதி தரப்படவில்லை. இதில் எங்கே சார்பின்மை? அரசு மதத்தை விட்டு விலகவில்லை, கையில் எடுத்துக்கொண்டது. சிலர் ‘நாத்திக அரசு’ என்றும் எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம்.

தமிழில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது. குருக்களும் துறவியரும் அல்லாதவர்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘பொதுநிலையினர்’ என்பார்கள். வேர்ப்பொருள் அப்படியே பொருந்துகிறது. லாயிக்லிக் ‘பொதுநிலைக் கோட்பாடு’, லாயிக் அரசு ‘பொதுநிலை அரசு’. பொதுநிலை என்றால் நடுநிலை என்று குழம்புவார்களே என்றால், முதல் இடத்தில் மட்டும் ‘லாயிக்லிக் எனும் பொதுநிலைக் கோட்பாடு’ என்று சேர்த்து எழுதினால் போதும். பழகிய சொல் என்பதற்காகத் தவறான பொருளைச் சுமப்பது மொழிபெயர்ப்பே அல்ல.

இதனால் வரும் கேடு சிறியதல்ல. 1998 ஜனவரியில் முன்னாள் பிரதமர் எர்பகானின் இஸ்லாமியவாத ரெஃபா கட்சியை அரசமைப்பு நீதிமன்றம் கலைத்தது, ‘லாயிக்லிக்குக்கு எதிரான செயல்களின் மையம்’ என்று சொல்லி. ‘மதச்சார்பின்மைக்கு எதிரான’ என்று தமிழாக்கினால், வேற்று மதத்தாருக்கு எதிராக வெறுப்பைத் தூண்டிய வழக்கு என்றே நம் வாசகர் எடுத்துக்கொள்வார். நீதிமன்றம் அடுக்கிய காரணங்களிலோ, அரசுக் கல்விக்கூடங்களில் முக்காடு அணிவதை ஆதரித்ததும், பிரதமர் இல்லத்தில் சமய இயக்கத் தலைவர்களை வரவேற்றதும் இருந்தன.