லேண்ட்மார்க் – நிலக்குறி

முகவரிப் படிவங்களில் 'லேண்ட்மார்க்' என்று ஒரு கட்டம் இருக்கும். பிள்ளையார் கோவில் எதிரே, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்று நிரப்புவோம். நகரமைப்பிலும் ஏறக்குறைய அதே பொருள்தான்: தூரத்திலேயே கண்ணில் பட்டு, நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டிவிடும் கட்டடம், கோபுரம், சில இடங்களில் வெறும் மரம். மக்கள் மனத்தில் ஒரு நகரம் எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்த அமெரிக்கர் கெவின் லிஞ்ச், 1960-இல் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு ஆகியவற்றோடு இதையும் சேர்த்து ஐந்து கூறுகளாக வகுத்தார்.

சொல் பிறந்தபோது பொருள் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'மார்க்' என்றால் எல்லை; லேண்ட்மார்க் என்றால் எல்லைக்கல். 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில் அயலானின் லேண்ட்மார்க்கை நகர்த்தாதே என்பது வரப்புக்கல்லைத்தான். அப்புறம் மாலுமிகள் இச்சொல்லைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். கரையில் உயர்ந்து தெரிவது எதுவோ அதுவே அவர்களுக்கு லேண்ட்மார்க். நாகப்பட்டினத்தில் இருந்த பழைய பௌத்தக் கோபுரம் கப்பல்களுக்கு இப்படித்தான் உதவியது. 1867-இல் அதை இடித்துவிட்டார்கள்.

கண்ணில் படுவதால்தான் அது லேண்ட்மார்க் என்றால், கட்டடத்தை மட்டும் காத்துப் பயனில்லை. அதைப் பார்க்கும் வழியையும் காக்க வேண்டும். லண்டன் இதை முன்பே புரிந்துகொண்டது. புனித பவுல் பேராலயத்தைப் புதுக் கட்டடங்கள் மறைக்கத் தொடங்கியதும், 1930-களின் இறுதியில் சுற்றுப்புறக் கட்டடங்களுக்கு உயர வரம்பு வைத்தார்கள். ரிச்மண்ட் பூங்காவின் ஒரு மேட்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி அந்தப் பேராலயத்தின் குவிமாடம் தெரிகிறது. அதற்காகவே அங்குள்ள செடிகொடிகளில் ஓர் இடைவெளியை வெட்டிப் பராமரிக்கிறார்கள். 2014-இல் முடிந்த லெடன்ஹால் கட்டடம் ஒரு பக்கம் சரிந்து நிற்பதும் ஃப்ளீட் தெருவிலிருந்து பேராலயத்தைப் பார்ப்பவர்களுக்காகத்தான்.

மதுரையில் மீனாட்சி கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி உண்டு. விதி இருக்கிறது, மீறலும் இருக்கிறது. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்களில் வரும் 'மைல்கல்' பொருந்தாது. அது தூரம் காட்டுவது. 'சின்னம்' என்றால் நினைவுச்சின்னமோ தேர்தல் சின்னமோதான் நினைவுக்கு வரும். பேச்சில் 'அடையாளம்' போதும்: "பக்கத்துல என்ன அடையாளம்?" என்றுதானே கேட்கிறோம். திட்ட ஆவணத்துக்கு 'நிலக்குறி' நல்லது. எல்லைக்கல்லையும் கோபுரத்தையும் சேர்த்தே தாங்கும். அதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் கேட்வே, அதாவது ஊருக்குள் நுழைகிறோம் என்று உணர்த்தும் இடம். அது கதவே இல்லாத மேம்பாலமானாலும் 'நகர்வாயில்' எனலாம். காக்கப்படும் காட்சிக்குக் 'காப்புக் காட்சி'. அதை மறைக்காமல் விடவேண்டிய நீண்ட இடைவெளிக்குக் 'காட்சித்தடம்'.