மசாய் மாரா பலூன் சவாரி: ஏறுவதற்கு முன் ஓர் எலும்பு டாக்டர் சொல்வது

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பலூன் சவாரி பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மேலே இருந்து விழுந்துட்டா என்ன பண்றது டாக்டர்?" என்பதுதான். நைரோபியில் எலும்பு முறிவு சிகிச்சை செய்யும் எனக்கு அந்தப் பயம் கிடையாது. பலூனிலிருந்து கீழே விழுந்து வந்த நோயாளி என்னிடம் யாருமில்லை. பத்திரமாகத் தரைக்கு வந்து, கூடைக்குள் நின்றபடியே காலையோ முதுகையோ உடைத்துக்கொண்டவர்கள்தான் வருகிறார்கள்.

அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை நடந்த 78 சுற்றுலா பலூன் விபத்துகளை அலசிய ஓர் ஆய்வும் இதையேதான் காட்டியது. 81 சதவீத விபத்துகள் தரையிறங்கும்போது நடந்தவை. பலத்த காயங்களில் பாதிக்கு மேல் கால் எலும்பு முறிவுகள். இறந்தவர்கள் 5 பேர். ஐவருமே பலூன் எதிலாவது மோதியதால் இறந்தவர்கள். மாராவின் திறந்த புல்வெளியில் மோதுவதற்கு மின்கம்பிகள் அதிகம் இல்லை என்பது ஆறுதல். ஆனால் கரையான் புற்றுகள் உண்டு. வெயிலில் இறுகிய புற்று செங்கல் சுவருக்குச் சளைத்ததல்ல.

கென்யாவில் இந்தச் சவாரி புதிதல்ல. வனவிலங்குப் படங்கள் எடுத்த ஆலன் ரூட் 1976இல் மாராவிலுள்ள கீகோரோக் லாட்ஜிலிருந்து தொடங்கி வைத்தது. இன்று ஒரு மணி நேரச் சவாரிக்கு ஆளுக்கு 450 டாலருக்குக் குறையாமல் ஆகிறது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும் பருவத்தில், அந்த விலைக்கும் இடம் கிடைப்பதில்லை. விடிவதற்கு வெகு முன்பே எழுப்பிவிடுகிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலைக் காற்று குளிர்ந்து, அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறினால் தரையிலிருந்து சூடான காற்று கிளம்பி பலூனை அலைக்கழிக்கும்.

பலூனுக்கு ஸ்டீயரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கும் பர்னரைத் திறந்தால் ஏறும். உச்சியில் உள்ள வால்வைக் கயிறு இழுத்துத் திறந்தால் இறங்கும். விமானி கையில் இருப்பது அவ்வளவுதான். ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் அடிப்பதால், ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய காற்றைப் பிடித்துப் போகிறார். ஆகவே தரையைத் தொடும் நேரத்தில் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் கூடையும் அதே வேகத்தில்தான் வந்து தொடும். ஒருமுறை குதிக்கும், மறுபடி தொடும், கொஞ்ச தூரம் இழுபடும், சில சமயம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். விபத்து என்று பலர் அலறுகிறார்கள். விமானிக்கு அது வழக்கமான இறக்கங்களில் ஒன்று.

அந்த நேரத்தில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதே எல்லாம். போகும் திசைக்கு முதுகைக் காட்டி, கூடைச் சுவரோடு முதுகையும் தலையையும் அழுத்தி, முழங்காலைச் சற்று மடக்கி, இரு கையாலும் உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டி நிற்பவர்களுக்கு அதிர்ச்சி முழுவதும் கணுக்காலிலும் குதிகால் எலும்பிலும் போய் இறங்குகிறது. மாராவில் பல கூடைகளில் உட்கார்ந்தபடி இறங்கும் இருக்கை உண்டு. கணுக்காலுக்கு அது நல்லது; ஆனால் அடி இடுப்பு வழியாக நேரே முதுகெலும்புக்குப் போகும் என்பதால் முதுகைச் சாய்த்து ஒட்டி உட்காருவது இன்னும் முக்கியம். இதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே விமானி செய்து காட்டுவார். நம்மவர்களில் பாதிப் பேர் அப்போது பலூனில் காற்று நிரப்புவதை வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்!

இறங்கும்போதும் அதே போன்தான் எமன். ஒரு கையில் போன் என்றால் பிடிக்க மீதி ஒரு கைதான். கூடை நின்றதும் முந்திக்கொண்டு இறங்குவதும் கூடாது. ஒருவர் இறங்கினால் எடை குறைந்து பலூன் மறுபடி எழும்பலாம். விமானி சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்.

என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். "லேசாத்தான் இடிச்சுதுப்பா, கூட இருந்தவங்க எல்லாரும் சிரிச்சிட்டே இறங்கினாங்க" என்றார். உண்மைதான், அவருக்கு மட்டும்தான் அடி. தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்து, வலி மாத்திரை கொடுத்து, மகன் அவரைத் தொடர்ந்து ஜீப்பில் சஃபாரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். மாராவின் மண் பாதைகளில் குலுங்குவதை ஓட்டுநர்கள் 'ஆப்பிரிக்கன் மசாஜ்' என்று கேலியாகச் சொல்வார்கள். அந்த மசாஜில்தான் வலி கூடியது. எக்ஸ்ரேயில் மார்பு முதுகெலும்பின் கடைசிக் கட்டை, முன்பக்கம் மிதிபட்ட தீப்பெட்டியைப் போல ஆப்பு வடிவில் நசுங்கியிருந்தது. நல்லவேளை, நரம்பு தப்பியது.

எனவே வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் யோசியுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சின்ன இடறலில் எலும்பு முறிந்தவர்கள் ஆகியோர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது. அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் பலூன் வேண்டாம் என்பதே என் பதில். முதுகு டிஸ்க் அறுவை சிகிச்சையோ, இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றோ அண்மையில் செய்தவர்களுக்கும் இதே பதில்தான். கர்ப்பிணிகளை நிறுவனங்களே ஏற்றுவதில்லை. கூடை விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாத குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இறங்கும்போது அந்தக் கை உங்களுக்கு வேண்டும். மற்றபடி சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். மேய்ந்துவிட்டு ஆற்றுக்குத் திரும்பும் நீர்யானைகளை மேலிருந்து பார்ப்பது எனக்கும் பிடித்த காட்சிதான்.

இறங்கிய பிறகு முதுகின் நடுக்கோட்டில் வலித்தால், படுத்தால் குறைந்து எழுந்தால் கூடினால், அதைத் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். கால் மரத்தாலோ சிறுநீர் போக முடியாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பிடித்து உட்கார வைக்காமல், மல்லாந்து படுத்த நிலையிலேயே வைத்திருங்கள். 1957இல் தொடங்கி இன்றும் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து பறக்கும் ஆம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ் என்ற விமான ஆம்புலன்ஸ் சேவையினர் மாராவின் மண் ஓடுபாதைகளில் இறங்கி நோயாளியை ஏற்றி வருவார்கள். ஆனால் அது இலவசமில்லை. பல பயணக் காப்பீடுகளில் பலூன் சவாரி 'சாகச விளையாட்டு' என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல் பாலிசியில் பலூன் என்ற சொல்லும், விமான ஆம்புலன்ஸ் செலவும் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

காலில் மாவுக்கட்டோடு ஊர் திரும்ப நேர்ந்தால் இன்னொன்று. கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாவிட்டால், பறக்கும்போது வீக்கம் கூடி ரத்த ஓட்டம் தடைபடலாம் என்பதால், கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்லிப் பல விமான நிறுவனங்கள் கேட்கும். இங்கேயே, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, டாக்டரிடம் பயணத் தேதியைச் சொல்லிவிடுங்கள். விமான நிலைய கவுன்ட்டரில் யாரிடமும் பிளக்கும் கருவி இருக்காது.