கரண்ட் ஓடாத நேரத்தில் வாங்கிய சான்றிதழ்

பெரிய சோலார் நிலையத்துக்கு மின் ஆய்வாளர் வந்து பார்த்து, அனுமதி கொடுத்த பிறகுதான் மின்சாரம் ஏற்ற முடியும். அரசு அறிவித்த மின்னழுத்தத்துக்கு மேற்பட்ட அமைப்புகளுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சொல்வது இது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆய்வு நடக்கும் அன்று நிலையத்தில் லோடு இருக்காது. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டும் உரிமையாளர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

எர்த் தடை, கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேயின் டெஸ்ட் ரிப்போர்ட், வேலிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உள்ள இடைவெளி, அபாயப் பலகை எல்லாம் அன்று சரியாகத் தெரியும். லூஸ் கனெக்‌ஷன் மட்டும் தெரியாது. கரண்ட் ஓடினால்தானே அது சூடாகும்! பற்றவைக்காத அடுப்பைத் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று எழுதிக்கொள்வது மாதிரிதான்.

சைட்டில் நான் முதலில் தேடுவது பேனல் கனெக்டர்களைத்தான். பேனலோடு வந்த கனெக்டர் ஒரு கம்பெனி. ஒயர் நீளம் போதவில்லை என்று சைட்டில் ஒயரோடு நெரித்துப் பொருத்திய (கிரிம்ப்) கனெக்டர் வேறு கம்பெனி. இரண்டையும் சொருகினால் ‘டிக்’ என்று உட்காரும், இழுத்தாலும் வராது. உள்ளே உலோகம் முழுதாகப் படிந்திருக்காது. சில மாதங்களில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கும். அப்புறம் ஆர்க், அதாவது இடைவெளியில் தாவி எரியும் மின்பொறி. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் அணைய வாய்ப்புண்டு. பேனல்களை வரிசையாகக் கோத்த ஸ்ட்ரிங்கில் ஒரே திசையில் ஓடும் 1500 வோல்ட் டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. பிரேக்கரை இறக்கினாலும், வெயில் இருக்கும் வரை பேனல் பக்கம் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். கீழே காய்ந்த புல் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஒயரின் இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மெகர் டெஸ்டும் இப்படித்தான். மதிய வெயிலில் வைத்தால் இன்சுலேஷன் அருமையாகக் காட்டும். அதே ஸ்ட்ரிங்கை மார்கழிப் பனி இறங்கிய காலையில் அளந்து பாருங்கள்.

பேட்டரிக்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் அருகே 300 மெகாவாட் பேட்டரி நிலையம் ஒன்றில் 2021 ஜூலை 30 அன்று தீப்பிடித்தது. நிலையம் முழுமையாக ஓடத் தொடங்கவில்லை, சோதனைக் கட்டம்தான். ஒரு யூனிட்டுக்குச் சோதனை முடிந்துவிட்டது, அன்றைக்குத் தேவையில்லை என்று அதைச் சாவி போட்டு ஆஃப் செய்திருந்தார்கள். உள்ளே கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) கசிந்து ஷார்ட் ஆனது. யூனிட் ஆஃபில் இருந்ததால் அதன் கண்காணிப்பும் சில பாதுகாப்பு அமைப்புகளும் வேலை செய்யவில்லை. புது யூனிட்டின் தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேரவே 24 மணி நேரம் ஆகும் ஏற்பாடு வேறு. காற்றில் தீ பக்கத்து யூனிட்டுக்கும் தாவியது. கட்டுக்குள் வர ஆகஸ்ட் 2 ஆகிவிட்டது. எனர்ஜி சேஃப் விக்டோரியா என்ற அரசு அமைப்பு விசாரித்தது. அதன்பின் அந்த 24 மணி நேரம் 1 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பராமரிப்பு நடக்கும்போது தவிர சாவியைத் தொடக்கூடாது என்றும் நடைமுறை மாறியது.

பேட்டரியைப் பொறுத்தவரை ‘ஆஃப்’ என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. செல்லுக்குள் சார்ஜ் அப்படியேதான் இருக்கும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் பேட்டரி நிலையம் ஒன்றில் தீயணைக்கும் வாயு தானாகவே பீய்ச்சியது. சுமார் 3 மணி நேரம் கழித்து வீரர்கள் கதவைத் திறந்தார்கள். பேட்டரியிலிருந்து வெளிவந்து உள்ளே சேர்ந்திருந்த எரிவாயு சற்று நேரத்தில் வெடித்து, பலர் படுகாயமடைந்தார்கள்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது: சான்றிதழ் கிடைத்த சில வாரங்களில், நல்ல வெயிலில், முழு லோடில், சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவோடு ஒரு சுற்று போங்கள். அடுத்த அரசு ஆய்வுக்கு 5 ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பேட்டரி இருந்தால் சோதனை நாட்களிலும் பராமரிப்பு நாட்களிலும் எந்தப் பாதுகாப்பு எப்போது அணைந்திருக்கும், அந்த நேரத்தில் யார் கவனிப்பார்கள் என்று எழுதி, மின் ஆய்வாளரிடம் நீங்களாகவே காட்டுங்கள். உள்ளூர் தீயணைப்பு நிலைய அலுவலரையும் ஒருநாள் சைட்டுக்கு அழைத்து, எந்தப் பேட்டரி கன்டெய்னரில் வாயு அளவு வெளியிலிருந்தே தெரியும், எதில் தெரியாது என்று சுற்றிக் காட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கதவு முன்னால் நிற்கப்போவது அவருடைய ஆட்கள்தான்.