அந்தக் குழந்தையிடம் இன்னொரு தடவை கேட்காதீர்கள்

ஒரு போக்சோ வழக்கு, அதாவது குழந்தைக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கு. நடந்ததைச் சிறுமி டீச்சரிடம் சொன்னாள். பிறகு தலைமையாசிரியர், போலீஸ், டாக்டர், குழந்தைகள் நலக் குழு, இல்லத்தின் கண்காணிப்பாளர். எல்லாம் முடிந்த பிறகு, களப்பணிக்கு வந்த எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவி நோட்டும் கையுமாக உட்கார்ந்து, "முதல்ல இருந்து சொல்லும்மா" என்றிருக்கிறார். கேஸ் ஸ்டடி எழுத வேண்டுமாம். மாணவியைச் சொல்லிக் குற்றமில்லை, அனுப்பியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னால் உடனே ஒரு கை உயரும். "முழுசா கேட்டாத்தானே சார் உதவ முடியும்?" கேட்காமலே முடியும். இன்று ராத்திரி அவள் எங்கே தூங்குவாள், அந்த ஆள் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறானா, பள்ளிக்கூடத்துக்கு எப்போது திரும்புவாள், கோர்ட்டுக்குக் கூட யார் போவது, இவைதான் உங்கள் வேலை. இதில் எதற்கும் அவன் எங்கே தொட்டான் என்ற விவரம் தேவையில்லை. "கொட்டிவிட்டால் பாரம் குறையும்" என்பார்கள். அவளாக விரும்பி, அவள் நம்புகிறவரிடம் கொட்டினால் குறையும். நீங்கள் துருவித் துருவிக் கேட்டால் அது விசாரணை. அதோடு, நீங்கள் கேட்ட வார்த்தை அவள் பதிலில் ஒட்டிக்கொள்ளும். உங்களிடம் "சாயங்காலம்", போலீசிடம் "இருட்டினப்புறம்" என்று சொல்லியிருப்பாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

அழாமல் சொன்னாள், அதனால் பொய் என்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

சட்டம் நம்மைவிடப் பரவாயில்லை. போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. 33-ஆம் பிரிவுப்படி குழந்தையைச் சாட்சி சொல்லத் திரும்பத் திரும்ப கோர்ட்டுக்கு அழைக்கக் கூடாது. 2020 விதிகளில் இன்னொன்றும் உண்டு: குழந்தைகள் நலக் குழு நியமித்த சப்போர்ட் பர்சன் (வழக்கு நடக்கும்போது குழந்தைக்குத் துணையாக இருப்பவர்) வேண்டாம் என்று குழந்தை சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது மட்டும் பல முகங்கள் சுருங்கும். உரிமை என்று போர்டில் எழுதினால் தலையாட்டுகிறவர்கள்தான்!

சரி, என்ன செய்யலாம்? போகும் முன் கோப்பைப் படியுங்கள். எங்கே உட்காரலாம் என்று அவளைக் கேளுங்கள். தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள், உங்கள் செந்தமிழில் வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் தயவுசெய்து சத்தியம் பண்ணாதீர்கள். 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எதை, யாரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதை அவள் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.